மிஸ் வரச் சொன்னாங்க

“ஷாரோன் மிஸ் உன்ன வரச் சொன்னாங்கம்மா” என்று கவியா வந்து சொன்னபோது மாடத்தி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்து அடங்கி, கறிவேப்பிலை கருகி, அந்த ஒற்றை அறை வீடு முழுக்க நெடி ஏறிய பிறகுதான் அவளுக்கு அடுப்பை அணைக்கத் தோன்றியது.

எதுக்காம் என்று கேட்டாள். தெரியாது, பேசணுமாம் என்றாள் மகள். அந்தப் ‘பேசணுமாம்’ மாடத்திக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஏதாவது நல்ல சேதி சொல்லக் கூப்பிட்டிருக்கலாமே என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். நாம் மாடத்தியின் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை. ஒரகடம் பக்கத்தில் கார்களுக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனி அது. அங்கே கான்ட்ராக்ட் ஆட்களை நல்லதுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவளிடம் சூப்பர்வைசர் வாயே திறக்கமாட்டார். அவர் பேசாமலிருப்பதற்குப் பெயர்தான் அங்கே பாராட்டு. ‘ஷிஃப்ட் முடிஞ்சதும் ஆபீஸ் ரூமுக்கு வந்துட்டுப் போ’ என்று ஆள் விட்டால், கேட் பாஸைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கழுத்தோடு பஸ் ஏற வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஒரு சடங்கு வேறு உண்டு. ஆளை லைனிலிருந்து இறக்கி, கையில் துடைப்பத்தைக் கொடுத்து, தரையைக் கூட்டச் சொல்வார்கள். துடைப்பம் கைக்கு வந்தவளின் முகத்தை மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கூட வேலை பார்த்த கோவிந்தம்மா மணிக்கட்டு வலிக்கிறது என்று தெரியாத்தனமாக வாயைத் திறந்தாள். அவளுக்கும் முதலில் துடைப்பம் வந்தது, பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதையை மாடத்தி ராத்திரி சாப்பாட்டின்போது புருஷனிடம் சொல்லிச் சொல்லி ஆறமாட்டாள்.

அதனால்தான் அன்றைக்கு, மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே, அடுத்த கேள்வியை அவள் பயந்து பயந்து கேட்டாள். ஜிம்னாஸ்டிக்ஸ் ஹாலில் இப்போது என்ன செய்கிறாய்?

கவியா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பீம் கட்டையில் ஏற வேண்டாம் என்று மிஸ் சொல்லிவிட்டார்களாம். குதிக்கவும் வேண்டாமாம். சின்னப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மேட் விரிக்க வேண்டும், அவர்கள் தலைகீழாக நிற்கும்போது காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மேட் விரிப்பது. மாடத்திக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. துடைப்பம் வந்துவிட்டது.

ஷாரோன் மிஸ் ஸ்ரீபெரும்புதூரில் சர்ச் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகை ஹாலில் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறார். காலேஜ் நாளில் யுனிவர்சிட்டிக்காகப் போய் மெடல் வாங்கியவர். பள்ளிக்கூட கேட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கவியாவைப் பார்த்து, இறங்கு என்று அதட்டுவதற்குப் பதிலாக, இன்னும் கொஞ்ச நேரம் தொங்கு என்று சொன்ன ஒரே ஆசிரியை அவர்தான். அன்றையிலிருந்து இரண்டு வருஷமாகக் கவியா அங்கே போகிறாள். பீம் என்கிற, ஒரு சாண் அகலம்கூட இல்லாத அந்த மரக்கட்டையின் மேல், வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல அவள் நடப்பதை மாடத்தி ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். அன்றைக்கு முழுக்க அவளுக்குப் பசிக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் காட்டு வேலையிலிருந்து கிளம்பி வந்து, இந்த ஊர்த் தண்ணீரையும் வாடகையையும் சகித்துக்கொண்டதற்கு இந்த ஒரு காட்சி போதும் என்று நினைத்தாள். இப்போது அதிலிருந்துதான் தன் பெண்ணைக் கழற்றிவிடப் போகிறார்கள்.

புருஷன் மகாராஜா, ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆள். போய் என்னவென்று கேட்டுவிட்டு வாயேன் என்றான். போய்க் கேட்பதாம். பேரில்தான் மகாராஜா, உலக நடப்பு ஒன்றும் தெரியாது என்று அவனை ஒரு பிடி பிடித்துவிட்டு, மறுநாள் லைனில் பக்கத்தில் நிற்கும் சுகப்பிரியாவிடம் யோசனை கேட்டாள்.

சுகப்பிரியா இந்த விஷயத்தில் கைதேர்ந்தவள். ஆபீஸ் ரூமிலிருந்து ஆள் வரும்போதெல்லாம் பாத்ரூமில் போய் நின்றே ஒரு வருஷத்தை ஓட்டியவள். அவளுடைய சித்தாந்தம் எளிமையானது: ஆள் கையில் அகப்பட்டால்தானே வேலையை விட்டு எடுப்பார்கள்? அகப்படாதே. மாசம் முடிந்து புது லிஸ்ட் போட்டால் உன் பேர் தானாக அதில் ஏறிவிடும். அதற்குள் டார்கெட்டை ஏற்றிக் காட்டிவிடு, அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள்.

மாடத்தி இந்த இரண்டையும் அப்படியே மகள் விஷயத்துக்குப் பொருத்திக்கொண்டாள். அறிவாளிதான் அவள். ஆனால் அறிவைத் தவறான இடத்தில் செலவழிப்பதற்கும் ஒரு திறமை வேண்டும், அதுவும் அவளிடம் இருந்தது.

முதலில் அகப்படாமல் இருப்பது. சாயங்காலம் கவியாவைக் கொண்டுபோய் விடுகிறவள், ஹால் வாசல் வரைக்கும் போவதை நிறுத்தினாள். கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்திலேயே கையை விட்டுவிட்டு, ஓடு ஓடு என்று தள்ளிவிட்டாள். ஒருநாள் ஷாரோன் மிஸ்ஸின் ஸ்கூட்டி எதிரே வந்துவிட, வண்டிக்காரர் முனிரத்தினத்தின் முதுகுக்குப் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தாள். இன்னாம்மா தொலைச்சிட்டே என்று அவரும் கூடவே குனிந்து தேட ஆரம்பித்தது வேறு கதை. மிஸ் செல்போன் நம்பரைக் கொடுத்தனுப்பினார். பெட்டிக்கடை வாசலில் மஞ்சள் நிறக் காசு போன் தொங்கியது. மாடத்தி அதைப் பார்க்காமல் கடந்து போனாள். அம்மாவுக்கு ஷிஃப்ட், அம்மாவுக்கு ஓவர்டைம், அம்மாவுக்கு ஜுரம் என்று கவியா தினம் ஒரு பதிலைச் சுமந்துகொண்டு ஹாலுக்குப் போனாள்.

அடுத்து டார்கெட்டை ஏற்றுவது. கம்பெனியில் கணக்குக் குறைந்தால் மருந்து ஒன்றே ஒன்றுதான்: ‘ஓடி’ என்கிற ஓவர்டைம். ஆகவே கவியாவுக்கும் ஓடி போட்டாள். விடிந்ததும் மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டித் திண்டிலிருந்து கீழே குதிக்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும், மறுபடி குதிக்க வேண்டும். மேட்டுக்குப் பதில் இரண்டு கோணிச்சாக்கு. மிஸ் ஒருநாள் எதேச்சையாகச் சோதித்துப் பார்த்தால் அசந்துபோய்த் திரும்பவும் பீமில் ஏற்றிவிட வேண்டும் என்பது மாடத்தியின் திட்டம். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனிடமும் போய் இதைச் சொல்லி, அவரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டாள்.

கவியா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஏறச் சொன்னால் ஏறினாள், குதிக்கச் சொன்னால் குதித்தாள். கொஞ்ச நாளாகவே அவள் நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குள், தெருவில், கோயில் படியில், எங்கேயும் குதிங்கால் தரையில் படாமல். அதைப் பார்த்து மாடத்தி பூரித்துப்போனாள். ஜிம்னாஸ்டிக்ஸ் படிக்கிற பிள்ளை நடையே வேறல்லவா என்று வீட்டுக்கார அம்மாவிடம் பெருமை பேசினாள். பெற்றவள் கண்ணில் பெருமை வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் வேறு எதற்கும் அங்கே இடமிருக்காது.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை, கவியா திண்டிலிருந்து குதித்தவள் எழுந்திருக்கவில்லை. அழவுமில்லை. பாவாடை நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

வலிக்கா என்று கேட்டாள் மாடத்தி. இல்லை என்று தலையாட்டினாள். மாடத்தி அவள் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக் குதிங்காலை இரண்டு பக்கமும் லேசாக அழுத்தினாள். பிள்ளையின் உடம்பு முழுக்கத் துள்ளியது. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, அப்போதும் வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

“எம்புட்டு நாளாட்டி?”

“லீவுக்கு முன்னாலேர்ந்து.” பாவாடையை வாயிலிருந்து எடுத்தாள். “மிஸ்கிட்ட சொல்லாதம்மா. வலிக்குதுன்னு சொன்னா எடுத்துருவாங்க. கோவிந்தம்மா ஆன்ட்டிய எடுத்துட்டாங்கள்ல.”

மாடத்திக்கு அந்த மொட்டைமாடியிலிருந்து தானே கீழே விழுந்தாற்போல இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் புருஷனுக்குச் சொன்ன கதை அது. புருஷன் அதைக் காதில் போட்டுக்கொண்டானோ இல்லையோ, பக்கத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒன்பது வயசு அதை மனப்பாடம் செய்திருக்கிறது. நுனிக்காலில் நடந்த பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்பட்டோமே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். இடுப்பில் தூக்கிச் சுமக்கிற வயசைக் கவியா எப்போதோ தாண்டியிருந்தாள். கால்கள் மாடத்தியின் முழங்காலில் இடித்தன.

அன்றைக்கு முழுவதும் லைனில் நின்றபடி அவள் ஒன்றையே உருட்டிக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் பிள்ளையின் கால் என்னவாகும் என்று தெரியாது. சொன்னால் ஹாலும் பீமும் அத்தோடு முடிந்தது. சுகப்பிரியாவிடம் கேட்கவில்லை. அவளிடம் என்ன பதில் வரும் என்று தெரியும். மத்தியானம் வரைக்கும் மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. பிறகு சாப்பாட்டு இடைவேளையில், கேன்டீன் படியில் யாரோ ஒரு பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்தாள். கால் முக்கியம் என்று முடிவு செய்துவிட்டாள். மணி அடித்ததும் லைனுக்குத் திரும்பி மிச்ச வேலையை முடித்தாள்.

சாயங்காலம் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கவியாவைக் கூட்டிக்கொண்டு நேரே ஹால் வாசலுக்குப் போனாள். பிள்ளையை வெளியே படியில் உட்கார வைத்தாள். உள்ளே ஷாரோன் மிஸ் மேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாடத்தியின் தங்கையைவிடச் சின்ன வயசு. ஆனால் மாடத்தி சூப்பர்வைசர் முன்னால் நிற்பதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாக்கா, வழி தெரிஞ்சிச்சா? எத்தினி வாட்டி சொல்லி அனுப்பிச்சேன். உங்களப் புடிக்கறதுக்குப் போலீசத்தான் வெக்கணும்போல கீது.”

மாடத்தி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த முன்னுரை எல்லாம் மறந்துபோனது. நேராகச் சொன்னாள்.

“மிஸ், அவளுக்குக் குதிங்கால் வலிக்கி. ரொம்ப நாளா வலிக்காம். யாருகிட்டயும் சொல்லாம மறைச்சிருக்கா. நீங்க நிறுத்துததா இருந்தா நிறுத்திருங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவ கால் நல்லாருந்தாப் போதும்.”

ஷாரோன் மிஸ் கையிலிருந்த மேட்டைக் கீழே விட்டார். அடுக்கி வைத்திருந்த மேட்டுகளின் மேலேயே உட்கார்ந்து, ‘அப்பாடா’ என்று பெருமூச்சு விட்டார்.

“இத யாராச்சும் வந்து சொல்வாங்களான்னுதான்க்கா காத்துக்கினு இருந்தேன்.”

பிறகு விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கவியா பீமிலிருந்து குதிக்கும்போது பாதத்தை முழுசாக ஊன்றாததை மிஸ் எப்போதோ பார்த்துவிட்டார். வலிக்கிறதா என்று கேட்ட ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்து, இல்ல மிஸ் என்றிருக்கிறது. சிரிக்கிற பிள்ளையை என்ன செய்வது? அதனால் குதிக்கிற வேலையை மட்டும் நிறுத்தினார். வீட்டில் உட்கார வைத்தால் ஏங்கிப்போகும் என்று மேட்டையும் சின்னப் பிள்ளைகளையும் அதன் பொறுப்பில் விட்டார். அம்மா வந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லலாம் என்று ஆள்மேல் ஆள் விட்டதுதான் மிச்சம். மகளைப் பற்றிக் கொஞ்சம்கூடக் கவலையில்லாத அம்மா போலிருக்கிறது என்று மனசுக்குள் திட்டியும் இருக்கிறார். அதையும் மறைக்காமல் சொன்னார்.

“அப்ப அவள நிறுத்தலியா மிஸ்?”

“யார நிறுத்தறது? கவியாவையா?” மிஸ்ஸுக்குக் கேள்வியே புரியவில்லை. “சின்னதுங்க எல்லாம் அவ வந்தாத்தான் தலைகீழா நிக்குதுங்க. நான் புடிச்சா நிக்க மாட்டேங்குதுங்க.”

மாடத்திக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. லேசான வேகத்தில், இருக்கிற எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று மொட்டைமாடி ஓடியைப் பற்றியும் சொல்லிவிட்டாள். மிஸ்ஸின் முகம் மாறியது.

“ஐயோ அக்கா. நான் இங்க எறக்கி வெச்சிருக்கேன், நீங்க அங்க மொட்டமாடில ஏத்தி வுட்டுக்கினு இருக்கீங்களா?”

அதற்கப்புறம் விழுந்த திட்டு சூப்பர்வைசர்கூடத் திட்டாத திட்டு. கோணிச்சாக்குக்குத் தனியாக ஒரு திட்டு. மாடத்தி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வேலையை விட்டு எடுக்காமல் திட்டுகிறவர்களை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. திட்டத் திட்ட அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது.

மிஸ் கவியாவை உள்ளே கூப்பிட்டார். பிள்ளை நுனிக்காலில் வந்து நின்றது. மிஸ் அதன் உயரத்துக்குக் குனிந்து, கால் வலிக்குதா என்று கேட்டார்.

கவியா மிஸ்ஸைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். சொல்லட்டுமா வேண்டாமா என்று கேட்கிற பார்வை. தன் பிள்ளை ஒரு வலியைச் சொல்வதற்குத் தன்னிடம் உத்தரவு கேட்டு நிற்கிறது என்பது மாடத்திக்குப் புரிந்தது.

“சொல்லுட்டி” என்றாள். “மிஸ்கிட்டச் சொல்லு.”

“வலிக்குது மிஸ்” என்றாள் கவியா. சொல்லிவிட்டு, அடுத்து என்ன நடக்குமோ என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். மிஸ் ஒன்றும் செய்யவில்லை. எந்த இடத்தில், எப்போதிலிருந்து, காலையில் அதிகமா சாயங்காலம் அதிகமா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, சின்னப் பிள்ளைகளை உதவிக்கு வருகிற பெரிய பெண்ணிடம் விட்டுவிட்டு, இரண்டு பேரையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மூன்று பேரும் அந்தச் சின்ன வண்டியில் எப்படி உட்கார்ந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

கடைத்தெருவில் சாயங்காலம் மட்டும் உட்காரும் எலும்பு டாக்டர், வயசானவர். குதிங்காலை அழுத்திப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், எடுத்த படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாடத்தி அதுவரைக்கும் மூச்சுவிட்டாளா என்பது சந்தேகம். ஒண்ணுமில்லம்மா, வளர்ற வலி என்றார் டாக்டர். பிள்ளை கிடுகிடுவென்று வளர்கிறது, எலும்பு வளர்கிற வேகத்துக்குப் பின்னங்கால் சதை ஈடுகொடுக்கவில்லை, குதிங்காலைப் பிடித்து இழுக்கிறது. குதிக்காமல் இருக்க வேண்டும், ஐஸ் வைக்க வேண்டும், சொல்லிக்கொடுக்கிறபடி காலை நீட்டி மடக்க வேண்டும். தானாகச் சரியாகிவிடும், அப்புறம் பீமில் ஏறி எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடட்டும். நல்லவேளை, குதிக்கிறத முன்னாடியே நிறுத்தினீங்க என்று ஷாரோன் மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னார். மொட்டைமாடியைப் பற்றி மிஸ்ஸும் சொல்லவில்லை, மாடத்தியும் சொல்லவில்லை.

வயிற்றில் பாலை வார்த்தாற்போல் என்று சும்மா சொல்லிவிடுகிறோம். மாடத்திக்கு நிஜமாகவே வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்து இறங்கியது. கிளினிக் வாசலில் அவள் அழுதுவிட்டாள். மிஸ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கவியாவிடம் திரும்பினார்.

“நாளைக்கி நேரத்துக்கு வந்துடு. மேட்ட நான் விரிச்சி வெக்கறேன். நீ சின்னதுங்கள மட்டும் பாத்துக்கோ. வலி கூடினாலும் சொல்லு, கொறஞ்சாலும் சொல்லு.”

நாளைக்கு வா. வலிக்கிறது என்று சொன்ன பிறகு வரக்கூடிய பேச்சு இது என்று மாடத்திக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஆட்டோவில் கவியா அவள் மடியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டாள். மூடியிருந்த வாய் திறந்துவிட்டது. இடது குதிங்கால்தான் ரொம்ப வலிக்கும், வலது கொஞ்சம். கட்டைவிரல் நகம் ஒருநாள் பிய்ந்துபோனது, சொல்லவில்லை. பள்ளிக்கூட பெஞ்சில் ஆணி குத்தி முழங்காலில் ஒரு கீறல், அதையும் சொல்லவில்லை. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. நீ தலையை வாரும்போது காதுக்குப் பின்னால் வலிக்கும். அடைத்து வைத்திருந்ததையெல்லாம் பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டது. மாடத்தி சிரிக்கவும் செய்தாள், கண்ணைத் துடைக்கவும் செய்தாள். எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு கம்பெனிப் பையன்கள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பட்டியல் தீர்ந்ததும் கவியா நிமிர்ந்து பார்த்தாள்.

“உனக்கு எங்கம்மா வலிக்கும்?”

எனக்கென்ன, ஒண்ணுமில்ல என்று வாய் திறந்துவிட்டாள் மாடத்தி. திறந்த வாயை மூடினாள். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

“இடுப்புட்டி” என்றாள். “நின்னு நின்னு வலிக்கி.”

கவியா மிஸ்ஸைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள்.

“எப்பலேர்ந்து?” என்று கேட்டாள்.

மாடத்தி யோசித்து, அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.